கல் என்றால் நாளை

வெகு வெகு காலத்துக்கு முன்னே, மேகங்கள் தாகம் எடுத்தால் ஆற்றுக்கே இறங்கி வந்து தண்ணீர் குடித்த காலத்திலே, பனித்துறை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கும் சந்தைக்கும் நடுவே அகன்ற ஆறு. அந்த ஆற்றில் ஓடம் விட்டவள் மருதாயி.

ஒருநாள், எத்தனையோ மலைகளுக்கு வடக்கேயிருந்து லாஜோ என்ற வளையல்காரி அந்தத் துறைக்கு வந்தாள். கூட வந்தவர்களை வழியில் தவறவிட்டு, கூடையும் கையுமாகத் திகைத்து நின்றாள்.

"ஏறு புள்ள" என்றாள் மருதாயி.

தன் குடிசையில் இடம் கொடுத்தாள். தன் சோற்றில் பாதி கொடுத்தாள். மழைக்காலம் முழுக்க இருவரும் பாதி வார்த்தையாலும் பாதி சிரிப்பாலும் பேசிக்கொண்டார்கள். லாஜோ நம் பாஷையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டாள். முதலில் வந்த வார்த்தை 'அக்கா'.

ஆற்றங்கரைக் குன்றின்மேல் கருநாக்கன் என்ற மந்திரவாதி இருந்தான். வானத்தை முட்டும் கோட்டை கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அவனிடம் ஒரே ஒரு மந்திரச் சொல் இருந்தது. "கல்!" என்பான். கேட்ட உயிர் கல்லாகிவிடும். மானைக் கல்லாக்கினான், சுவரில் வைத்தான். மயிலைக் கல்லாக்கினான், சுவரில் வைத்தான். காட்டு மரங்களைக் கல்லாக்கினான், சுவரில் வைத்தான். காடு காலியாயிற்று. கோட்டை மட்டும் முடியவில்லை.

ஒரு விடியற்காலை, சந்தைக்குப் போக ஊரே துறையில் கூடியிருந்தது. மூடுபனிக்குள்ளிருந்து கருநாக்கன் வந்தான்.

"ஓடக்காரி, இத்தனை பேரையும் ஏற்றி என் குன்றடியில் இறக்கு. என் சுவருக்கு ஆள் வேண்டும்."

"மனுசங்கள வச்சு யாராச்சும் சுவரு கட்டுவாங்களா?" என்றாள் மருதாயி. "என் ஓடம் சந்தைக்குத்தான் போகும். வழிய விடு."

"கல்!" என்றான் அவன்.

துடுப்போடு மருதாயி கல்லானாள். சிரித்தவர் சிரித்தபடி, கூப்பிட்டவர் கூப்பிட்டபடி எல்லோரும் கல்லானார்கள். தண்ணீர் வந்து அவர்கள் காலில் மோதிப் போயிற்று.

லாஜோ மட்டும் கல்லாகாமல் நின்றாள்.

"கல்!" என்று மறுபடி கத்தினான். அவள் கண் இமைத்தது. "கல்!" என்று மூன்றாம் தடவை அலறினான். அவள் பயந்தபடியே கேட்டாள்: "நாளைக்கு... என்ன சாமி?"

"நாளையா? கல் என்றேனடி!"

"ஆமா சாமி. எங்க ஊர்ல கல்னா நாளைக்கு."

கருநாக்கன் முகம் வெளுத்தது. தன் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. "இரு, சம்மட்டி கொண்டுவருகிறேன். இவர்களை உடைத்துச் சுவருக்கு எடுத்துவிட்டு உன்னைக் கவனிக்கிறேன்" என்று பனிக்குள் மறைந்தான்.

லாஜோ மருதாயியின் கல் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சொல் தன்னை ஏன் தொடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அப்படியானால், தன் அர்த்தத்தில் சொன்னால்?

"கல்" என்றாள், அழுதுகொண்டே. மருதாயியின் உதடு அசைந்தது. "சோறு ஆறிப்போவுது, சாப்பிடு புள்ள" என்றது. நேற்று ராத்திரி சொன்ன வார்த்தை! மறுபடி கல்லாயிற்று. லாஜோவுக்குத் திக்கென்றது. அவள் பாஷையில் நேற்றுக்கும் அதே சொல்தான். அவள் மனசு நேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தது.

இரண்டாம் தடவை நாளையை நினைத்தாள். ஆனால் சம்மட்டிதான் கண்ணில் நின்றது. மருதாயியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் உருண்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை கண்ணை மூடினாள். பனி விலகிய ஆறு. அக்கரையில் சந்தை. அக்காவின் கையில் தான் மாட்டிவிடும் பச்சை வளையல். மெல்லச் சொன்னாள்: "கல்."

"ஏன் புள்ள அழுவுற?" என்றாள் மருதாயி.

துறை முழுக்க மூச்சு திரும்பியது. லாஜோ திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் கருநாக்கன் சம்மட்டியோடு வந்துவிட்டான்.

"கல்!"

மருதாயிக்கும் ஊராருக்கும் விரல் நுனி கல்லாகத் தொடங்கியது. பிறந்ததிலிருந்து கேட்ட அர்த்தம், லேசில் போகுமா? லாஜோ அவள் தோளை உலுக்கினாள். "நாளைக்கு, அக்கா! நாளைக்கு சந்தைக்குப் போறோம்!"

மருதாயி அவளையே பார்த்தாள். விரல் இளகியது. "கேட்டீங்களா?" என்று ஊரைப் பார்த்துக் கத்தினாள். "நாளைக்குன்னு சொல்றாரு! நாமளும் சொல்வோம்!"

"கல்!" என்றது ஊர். எல்லோரும் தத்தம் நாளையை நினைத்துச் சொன்னார்கள்.

லாஜோ சொல்லிக் கேட்டிருந்தும், கருநாக்கன் மனசில் அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் ஒன்றுதான் இருந்தது. ஓங்கிய சம்மட்டியோடு கல்லானான்.

குன்றின்மேல் கோட்டை சரசரவென்று அவிழ்ந்தது. சுவரிலிருந்து மான்கள் துள்ளின, மயில்கள் பறந்தன, மரங்கள் சோம்பல் முறித்து வேர் ஊன்றின. அந்த நாட்டு ராஜா வந்து குன்றையே லாஜோவுக்குக் கொடுத்தார். அவள் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு, மருதாயியோடு ஓடத்தில் இரண்டாவது துடுப்பைப் பிடித்தாள்.

அவர்கள் ஆறு வற்றாமல் ஓடியது. கதை கேட்ட உங்கள் கண்ணுக்கும் நல்ல தூக்கம் வரட்டும்.