எண் சுற்றினால் கூடை சுற்றுமா?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு யானைப் பித்து, குதிரைப் பித்தெல்லாம் தெளிந்து, கடைசியில் எண் பித்து பிடித்தது. பிடிக்கவைத்தவர் அமைச்சர் வல்லபராயர்.

"அரசே, ஏரிக்கரைக்கு 1,42,857 கூடை மண் கொட்டச் சொன்னோம் அல்லவா? இது சாகாத எண். மூன்றால் பெருக்கிப் பாருங்கள். 4,28,571. அதே ஆறு இலக்கம்! முன்னால் நின்ற ஒன்று பின்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான். ஆகவே கரையை மும்மடங்கு உயர்த்தலாம். அதே ஆள், அதே நாள். எதுவும் கூடவில்லையே!"

ராஜா தொடையைத் தட்டி, அரண்மனைக் கோமாளியைக் கூப்பிட்டான். "விகடா, ஒச்சப்பா! நீ போய் ஏரியில் சொல். ஜனங்கள் முணுமுணுக்காமல் ஒப்ப வேண்டும். இல்லையென்றால் நீயும் கூடை தூக்கு."

ஒச்சப்பனுக்குச் சிரிப்பே வரவில்லை. அரண்மனைச் சோறு தின்ன வருமுன் அவனும் அந்தக் கரையில் மண் சுமந்தவன்தான். மழைக்காலத்தில் கழுத்து நரம்பு இன்னும் இழுக்கும். அவன் அக்கா இருளாயி இப்போதும் சுமக்கிறாள்.

போய்ச் சொன்னான். அவள் கூடையை இறக்காமலே கேட்டாள். இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் தேட வேண்டும்.

"எண்ணு சுத்துது, சரிடா. இந்த மண்ணுக்கே மூச்சு முட்டுது. மூணு மடங்குன்னா எனக்குக் குழியும் சேத்து வெட்டச் சொல்லு."

மறுநாள் ராஜாவையே கரைக்கு அழைத்துவந்தான் ஒச்சப்பன். ஆறு பேரை வரிசையாக நிறுத்தினான். குடை நிழலில் ராஜா. அடுத்து வல்லபராயர், சேனாதிபதி, புரோகிதர், ஒச்சப்பன். கடைசியில் கூடையோடு இருளாயி.

"மகாராஜா, இதுதான் நம் எண். மூன்றால் பெருக்குகிறேன். முன்னால் நின்ற ஒன்று பின்னால் போகட்டும். குடையும் கூடையும் இருந்த இடத்திலேயே இருக்கும்."

ராஜா குஷியாகக் கடைசிக்குப் போனான். மற்றவர்கள் ஆளுக்கோர் இடம் முன்னேறினார்கள். ஒச்சப்பன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு, அக்காவின் கந்தல் சும்மாட்டை ராஜா தலையில் வைத்துக் கூடையை ஏற்றினான். காதுக்குள் மண் சரிந்தது. ராஜா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், வெண்கொற்றக் குடைக்குக் கீழே வல்லபராயர்!

"அடேய்! என் குடைக்குக் கீழே யார் நிற்கிறது?"

"யாராயிருந்தால் என்ன அரசே? அதே ஆறு பேர்தான். எதுவும் கூடவில்லையே!"

வல்லபராயர் நெருப்பை மிதித்தவர்போல் வெளியே துள்ளினார்.

"ஏழாலும் பெருக்கிப் பார்த்தேன்," என்றான் ஒச்சப்பன் அலுப்போடு. "9,99,999. எல்லாம் ஒன்பது. ராஜா எது, கூடைக்காரி எது என்று அப்புறம் அடையாளமே தெரியாது. அதையும் ஜனங்களிடம் போய்ச் சொல்லட்டுமா?"

ராஜா வெளிறினான். கூடை ஆடியது. பிறகு முகமெல்லாம் மண்ணாக, வயிறு குலுங்கச் சிரித்தான். "போதுமடா, இறக்கு! பழைய கணக்கே இருக்கட்டும்." தன் பட்டுச் சால்வையை எடுத்து ஒச்சப்பனுக்குப் போர்த்தினான்.

ராஜாவின் பல்லக்கு போனதும் ஒச்சப்பன் அந்தப் பட்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி அக்கா தலையில் வைத்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"மெத்துனுதான் இருக்கு. கனம் அதேதான்," என்றாள் இருளாயி. "பிடி, தூக்கிவிடு."