சம்பந்திகள் தரையிறங்கிய கதை

காத்தாடிபாளையத்து விமானத் திடலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் ஆடு மேய்க்கிற இடம் என்று நினைத்துப் போயிருப்பீர்கள். ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை. விமானங்களுக்கு வழி சொல்லக் கோபுரமும் கிடையாது, அதிகாரியும் கிடையாது. அங்கே ஆளுக்கொரு குட்டி விமானம் வைத்திருந்தவர்கள் பொங்கியண்ணனும் செங்கோட்டுவேலும். போன வாரம்தான் பொங்கியண்ணன் பெண்ணைச் செங்கோட்டுவேல் பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வசதிக்குக் குறைவில்லை; மூளையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் ஜெயசீலன் ஊருக்குப் போகுமுன் படித்துப் படித்துச் சொன்னார்: "மேல ரெண்டு பேரும் மோதிக்காம இருக்கணும்னா மூணே விஷயம். திடலை இடப்பக்கமாவே சுத்துங்க. எங்க இருக்கீங்கன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருங்க. உயரத்துல இருக்கிறவர் ஒதுங்கணும், தாழ இருக்கிறவர்தான் முதல்ல இறங்கணும்."

மறுநாள் காலை இருவரும் பறந்தார்கள்.

"சம்பந்தி, எங்க இருக்கீங்க?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"சீட்டுல உக்காந்திருக்கேனுங்க. நீங்க?"

"நானும் சீட்டுலதானுங்க."

"அப்பச் சரி, பயமில்லை."

இறங்க வந்தபோதுதான் வில்லங்கம். செங்கோட்டுவேல் கொஞ்சம் தாழ இருந்தார். முறைப்படி அவர்தான் முதலில் இறங்க வேண்டும். ஆனால் சம்பந்தியைக் காக்க வைத்துவிட்டு முன்னால் போவதா? பேசின சம்பந்தம் முறிந்துபோகாதா? விருட்டென்று நூறு அடி ஏறினார்.

"இப்ப நீங்கதானுங்க தாழ. இறங்குங்க சம்பந்தி."

"அதெப்படீங்க? மாப்பிள்ளையோட அப்பாவை மேல விட்டுட்டு நான் இறங்கினா ஊரு என்ன பேசும்?" பொங்கியண்ணன் இருநூறு அடி ஏறினார்.

இவர் ஏற, அவர் ஏற, கொட்டகையில் ரேடியோவையும் பெட்ரோலையும் பார்த்துக்கொள்ளும் மாரப்பனுக்கு இரண்டு விமானமும் புள்ளியாகத் தெரிந்தன.

"அண்ணா, பெட்ரோல் எவ்வளவு இருக்குங்க?" என்று ரேடியோவில் கேட்டான்.

"முள்ளு சைபர்கிட்ட வந்திருச்சு மாரப்பா. அவரை முதல்ல இறங்கச் சொல்லு!" என்றார் பொங்கியண்ணன்.

"எனக்கும் சைபர்தான். அவரை இறங்கச் சொல்லு!" என்றார் செங்கோட்டுவேல்.

"ஐயோ, ரெண்டு பேரும் சேர்ந்தே இறங்குங்க சாமி!" என்று கத்தினான் மாரப்பன். அதற்குள் இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. சம்பந்திகள் பக்கத்தில் பக்கத்தில் மிதந்து வந்தார்கள். அப்போதும் விடவில்லை, அடுத்தவர் முந்தட்டும் என்று கடைசிவரை விமானத்தின் மூக்கைத் தூக்கித் தூக்கி இழுத்தடித்தார்கள். ஒருவர் ஓடுபாதையில் இறங்கினார், மற்றவர் பக்கத்தில் அறுத்துப் போட்டிருந்த சோளக்காட்டில். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சில பேருக்கு அப்படி ஒரு ஆயுசு.

வெளியே வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள், அவ்வளவு வெட்கம்.

"மன்னிக்கணுங்க, என் சக்கரம்தான் முதல்ல தரையைத் தொட்டுது," என்றார் செங்கோட்டுவேல்.

"இல்லீங்க, என்னுதுதான். இதுக்காகக் கல்யாணத்தை நிறுத்திப்போடாதீங்க," என்றார் பொங்கியண்ணன்.

நியாயம் சொல்ல மாரப்பனைக் கூப்பிட்டார்கள். "கீழ இருந்தவன் நீ ஒருத்தன்தான். யாரு முதல்ல தொட்டது, சொல்லு."

"மோதிப்போடுவீங்களோன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டேனுங்க."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். வேறு வழியே புலப்படவில்லை. சோளக்காட்டு விமானத்தை ஓடுபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாரப்பன் இரண்டிலும் பெட்ரோல் நிரப்பினான். சம்பந்திகள் மறுபடி மேலே போனார்கள். இந்தத் தடவை என்ன ஆனாலும் கண்ணை மூடமாட்டேன் என்று மாரப்பன் சத்தியம் செய்திருந்தான்.