முக்கால் ஆள்

அந்த ஜமீனில் இரண்டே ஊர். பெரியபட்டியில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து தலை, கரட்டுப்பட்டியில் எழுபத்தைந்து. குளத்துத் தண்ணீரைப் பங்கு வைக்க ஜமீன்தார் பத்துப் பேர் சபை ஒன்று வைத்தார். கணக்கு, நூறு தலைக்கு ஓர் ஆள். ஆனால் பெரியபட்டிக்காரரான திவான் அரியநாயகம் பத்து இடத்தையும் தன் ஊருக்கே கொடுத்துவிட்டார்.

கரட்டுப்பட்டிக்குத் தண்ணீர் வரவில்லை, பயிர் வாடியது. ஆடு மேய்க்கும் ஒச்சம்மா நேரே ஜமீன் அலுவலகமான கச்சேரிக்குப் போய் ஜமீன்தார் முன்னால் நின்றாள்.

"சபையில எங்களுக்கும் ஓர் ஆள் வேணும் சாமி."

திவான் முந்திக்கொண்டார். "உங்க பங்கு முக்கால் ஆள். முக்கால் ஆள் ஒருத்தனைக் கூட்டிட்டு வா, நாற்காலி போடுறேன்."

கச்சேரியே சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"அவன் உங்ககிட்டதான் சாமி இருக்கான். குளத்துல தூர் வாரவும் நூறு தலைக்கு ஓர் ஆள்னுதான் கேட்டீங்க. முக்கால் ஆளை எப்படி அனுப்பன்னு கேட்டேன். முழுசா ஒருத்தனை அனுப்புன்னீங்க. எம் மகன் அங்க மண்ணு சுமக்கிறான். அவனை ஏறி வரச் சொல்லுங்க."

ஜமீன்தார் திவான் பக்கம் திரும்பினார். "தூர் வார உங்க ஊர்ல எத்தனை பேர்?"

"ஒன்பது பேருங்க. மிச்சம் கால் ஆள்தானேன்னு விட்டுட்டேன்."

"சபையில மட்டும் அந்தக் கால் ஆள் முழு ஆளாயிட்டானா?"



சாயங்காலம், காலில் சேறு காயுமுன்னே ஒச்சம்மாவின் மகன் பத்தாவது நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவரை அதில் உட்கார்ந்திருந்த திவானின் மைத்துனர், அவனுடைய மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குளத்தில் இறங்கினார்.