செத்த சீட்டுக்குப் பதினாறு

கல்லுப்பொத்தையில் அறிவுக்குப் பஞ்சம் வந்த வருஷம் எது என்று யாருக்கும் நினைவில்லை. வந்த பஞ்சம் போகவே இல்லை என்பதால் யாரும் குறித்து வைக்கவில்லை. அந்த ஊரில் மாயப்போர்ச் சீட்டு ஆடுகிற சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் தெய்வசிகாமணி, செயலாளர் வடமலை, பொருளாளர் கொண்டல்சாமி. பதவி இல்லாத உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

நூலகத்து மாடி அறையில்தான் மூவரும் நாள் பூராவும் கிடப்பார்கள். அந்த அறை மேல் கேரம் சங்கத்துக்கும் ஒரு கண். வட்டாரப் போட்டியில் ஓர் ஆட்டமாவது ஜெயித்தால் அறை உங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு என்று நூலகர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டு மூவரையும்விட அதிகமாகப் பதறியவர்கள் அவர்கள் வீட்டார். பகலெல்லாம் இவர்களை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை.

சீட்டுக்கடை ஜமீலா அக்காவிடம் போய் யோசனை கேட்டார்கள்.

"எல்லாரும் டிராகன் சீட்டுக்கு அடிச்சிக்கிடுதாங்க. இந்த இடுகாட்டுச் சீட்டை ஒருத்தரும் சீந்தல," என்று தூசி படிந்த ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டாள். ஆட்டத்தில் அடிபட்ட சீட்டுகளை ஓரமாகக் குவிப்பார்கள். அந்தக் குவியலுக்கு இடுகாடு என்று பெயர். "இது எலும்பு நாய். செத்தாலும் அடுத்த சுத்துல எந்திரிச்சு வந்துரும். இவ ஒப்பாரிக்காரி. இடுகாட்டுல எத்தனை சீட்டு கெடக்கோ அத்தனை பலம் இவளுக்கு. செத்த சீட்டுதானன்னு நெனைக்காம மரியாதை குடுத்து ஆடுங்க. ஜெயிச்சிருவீங்க."

மரியாதை என்பதை மட்டும் மூவரும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். மற்றதைக் கடையிலேயே விட்டுவிட்டார்கள்.

போட்டி பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மூவரும் சேர்ந்து ஒரே அணி, தோற்றால் அதோடு வெளியே. எதிரே ரோஷன் என்ற கல்லூரி மாணவன். அவன் எடுத்த எடுப்பில் ஒரு தீப்பந்தை வீசி எலும்பு நாயைச் சாய்த்தான். தெய்வசிகாமணி எழுந்து செருப்பைக் கழற்றினார். மற்ற இருவரும் கழற்றினார்கள்.

"தெக்க தலை வச்சுக் கெடத்தணும்ணே," என்றான் வடமலை.

"நாய்க்குமா?"

"இங்க மனுசன் நாய்னு வித்தியாசம் பாக்கக்கூடாதுண்ணே. எல்லாம் அட்டைதான்."

நாயைக் கிடத்தியதும் கொண்டல்சாமி கவலையோடு கேட்டான்: "சாவுல நின்னுட்டுத் தலைக்கு ஊத்தாம அடுத்த சீட்டைத் தொடலாமா?"

தொடக்கூடாது என்று முடிவாயிற்று. மூவரும் மண்டபத்துப் பின்கட்டுக் குழாய்க்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்கள். விதிப் புத்தகத்தில் குளிப்பதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் நடுவரால் தடுக்க முடியவில்லை. ஐந்தாவது சாவுக்கு அப்புறம் துவட்டுவதையும் விட்டுவிட்டார்கள். ரோஷன் தன் சீட்டுகளை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டான்.

"செத்த நாய் எப்பவோ திரும்பி வந்திருக்கலாம். எடுத்து வைங்க," என்றார் நடுவர்.

"அடக்கம் பண்ணியாச்சே," என்றார் தெய்வசிகாமணி.

"அதுக்கப்புறம் வந்தா யாரு உள்ள விடுவா?" என்றான் வடமலை. "எங்க பெரியப்பா மறுநாளே எந்திரிச்சு வந்திருந்தாலும் நாங்க கதவைச் சாத்தியிருப்போம்."

"ஏன்?"

"சொத்தைப் பிரிச்சாச்சுல்லா."

நாய் இடுகாட்டிலேயே கிடந்தது.

இப்படியே போய்ப் பத்தொன்பது சீட்டு செத்தது. அப்போது கொண்டல்சாமி கையில் ஒப்பாரிக்காரி வந்தாள். மேசையில் வைத்தான். அவளுக்குப் பத்தொன்பது பலம். ரோஷனிடம் மிச்சமிருந்த உயிர் பன்னிரண்டு. 'அடி' என்று சொன்னால் போதும், ஆட்டமும் அறையும் இவர்களுடையது. தோற்றது தெரிந்து ரோஷன் கை குலுக்கவே கையை நீட்டிவிட்டான்.

"அடிக்கச் சொல்லுங்க," என்று நடுவரே பொறுக்காமல் சொன்னார்.

கொண்டல்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "பத்தொம்பது சாவு விழுந்திருக்கு. அழ வந்த பொம்பளைகிட்டப் போயி, அந்தப் பையனை அடிச்சிட்டு வான்னு சொல்லவா? நாளப்பின்ன இந்தம்மா வீட்டு வாசல்ல நாம எப்படி ஏறுவோம்?"

"ஒரு வாய் காப்பி கூட குடுக்கலியேடா," என்று தெய்வசிகாமணியும் விம்மினார்.

ஒப்பாரிக்காரியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். சாவு வீட்டில் 'போயிட்டு வாங்க' என்று சொல்லக்கூடாது என்பதால் அதையும் சொல்லவில்லை. மேசையில் வேறு சீட்டு இல்லை. ரோஷன் ஒரே அடியில் ஆட்டத்தை முடித்தான்.

மறுநாள் கேரம் சங்கத் தலைவர் பேச்சிமுத்து பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். அறை நடுவில் வாழையிலை, அதன் மேல் பத்தொன்பது சீட்டு, பக்கத்தில் விளக்கு. மூவரும் பாயில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினாறு முடியாம சாவு வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாமா அண்ணாச்சி?" என்றார் தெய்வசிகாமணி.

பேச்சிமுத்துவும் அதே கல்லுப்பொத்தைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்தான். பலகையோடு திரும்பிப் போய்விட்டார். மூவருக்கும் துக்கம் தாங்கவில்லை. அதை ஆற்றிக்கொள்ளத் தினமும் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் போட்டார்கள்.

பதினாறு நாள் கழித்துப் பேச்சிமுத்து மறுபடி வந்தார். இலையில் குவியல் முழங்கால் உயரத்துக்கு இருந்தது.

"நேத்து ரெண்டு பேரு தவறிட்டாங்க அண்ணாச்சி," என்றான் வடமலை.

பேச்சிமுத்து பலகையைக் கீழே வைத்தார். தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "என்ன வயசு?"

"வாங்கி மூணு மாசம்."

பேச்சிமுத்து அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். "சாகுற வயசா இது?" என்று கேட்டு, வடமலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.