மீதி ஏழு கை

காமிக்ஸ் புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிற எஸ்தர் ஜெயசீலியிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். சீடருக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. பெயர் பால்வண்ணன். சிவகாசியில் பேர்போன காலண்டர் ஓவியர். அவர் வரைந்த முருகன் இல்லாத வீடு அந்தப் பக்கம் குறைவு.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று ஊர் கேட்டது. ஊர் எதைத்தான் கேட்காமல் விட்டது?

அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மச்சினரின் காலண்டர் ஆபீஸில், "இனிமே எனக்குக் காமிக்ஸ் அட்டைதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தவர் அவர். வந்த இடத்தில் வரைந்த இரண்டு அட்டையும் திரும்பிவிட்டது. "மூணாவதும் இப்படியே இருந்தா பழைய படம் ஒண்ணைப் போட்டுக்கிறேன். அவரைக் காலண்டருக்கே போகச் சொல்லும்மா" என்று காமிக்ஸ் கம்பெனி முதலாளி தனுஷ்கோடி எஸ்தரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். பால்வண்ணனுக்கும் அது தெரியும். மச்சினர் முகத்தில் மறுபடி போய் முழிப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மூன்றாவது அட்டை அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும்.

கதை முதலாளியே எழுதியது. மூழ்கிப்போன கப்பலில் புதையல் எடுக்கக் கடலுக்குள் இறங்குகிறான் ஒருவன். அங்கே ஓர் ஆக்டோபஸ் இருக்கிறது.

காலையில் பால்வண்ணன் படத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். எஸ்தர் நிதானமாகப் பார்த்தாள். நடுவில் ஆக்டோபஸ். இந்தப் பக்கம் நாலு கை, அந்தப் பக்கம் நாலு கை, எல்லாம் அளந்து வைத்ததுபோல் விரிந்திருந்தன. முகம் நேராக நம்மைப் பார்த்தது. அதன் காலடியில் நாயகன் நின்றான். அவனும் நம்மைப் பார்த்துத்தான் நின்றான். பத்து விரலும் தெரிந்தது. லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

"கும்பிடலாம் போல இருக்கு அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்.

அவர் முகம் வாடிவிட்டது.

"கையெல்லாம் எதுக்கு இவ்வளவு முழுசா?"

"மூளியா வரையக்கூடாதே டீச்சர். ஒரு விரல் ஓரத்துல வெட்டுப்பட்டாக்கூட வீட்டுக்கு ஆகாதுன்னு வாங்க மாட்டாங்க."

"எதை?"

"சாமி படத்தை."

"இது சாமியா?"

அவர் படத்தைச் சுருட்டினார். "தெரியாமத்தான் கேக்குறேன் டீச்சர். நல்ல அட்டைக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லிட்டீங்கன்னா செஞ்சிட்டுப் போறேன்" என்றார்.

எஸ்தர் எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் காகிதக்கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போனாள். கதவைப் பாதி சாத்தினாள். கதவோரத்தில் அவள் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையும் மெல்ல மெல்ல உள்ளே போய்விட்டது.

பால்வண்ணன் காத்திருந்தார். சத்தமே இல்லை.

"டீச்சர்?"

பதில் இல்லை.

"டீச்சர், என்னாச்சு?"

அவருக்குப் பக்கென்றது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார்.

எஸ்தர் ஒரு காகிதக்கட்டின்மேல் சாவகாசமாக உட்கார்ந்து காரச் சீவல் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் இந்த ஓட்டம் ஓடி வர்றீங்க?"

"கை மட்டும் தெரிஞ்சது. அதுவும் உள்ள போயிருச்சு. பயந்துட்டேன்."

"காலையிலருந்து உங்க எதிர்லதானே முழுசா உட்கார்ந்திருக்கேன். நீங்க ஒரு தடவைகூட எந்திரிக்கலையே" என்றாள் அவள். "சீவல் வேணுமா?"

அவர் சீவல் வாங்கிக்கொள்ளவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திரும்பிப் போய்ப் புதுக் காகிதம் ஒன்றை எடுத்தார்.

முதலில் நீச்சல்காரனை வரைந்தார். அவன் மண்டியிட்டுப் பெட்டியைத் திறக்கிறான். முகத்தில் பொன்னின் வெளிச்சம் அடிக்கிறது. அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பின்னால் நீண்டிருக்கிற அவன் கணுக்காலில் ஒற்றைக் கை ஒன்று அப்போதுதான் சுற்றுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதற்குப் படத்தில் இடமே இல்லை. காகிதத்தின் ஓரத்தோடு அது வெட்டுப்பட வேண்டும்.

அந்த ஓரத்துக்கு வரும்போது அவர் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு மயிலின் தோகையைக்கூட அவர் ஓரத்தில் வெட்டியதில்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசினார். துடைத்தார். மறுபடி அலசினார்.

"வண்ணம் காயுது அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்.

வெட்டினார்.

கடைசியில் கண்ணை வரைந்து சாமிக்குக் கண் திறப்பது காலண்டர்காரர்களின் வழக்கம். அவர் பழக்கதோஷத்தில் மெல்லிய தூரிகையைத் தேடி எடுத்தார். ஆக்டோபஸின் கண் படத்திலேயே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தூரிகையைக் காதில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் முதலாளி தனுஷ்கோடி வந்தார். பழைய படம் ஒன்றைக் கையோடு சுருட்டி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். அதைப் பார்த்ததும் பால்வண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா படம்? சட்டுன்னு காட்டு. அச்சுக்கு ஆள் நிக்குது."

எஸ்தர் படத்தை அவர் எதிரே நிறுத்தினாள்.

முதலாளி நின்றபடிக்குப் பார்த்தார். பின்பு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கால் இரண்டையும் நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தார்.

"டேய், திரும்பிப் பாருடா" என்றார் படத்தைப் பார்த்து, ரகசியம்போல.

"இவன் தப்பிச்சுருவானா?" என்று கேட்டார் முதலாளி.

"நீங்க எழுதின கதைதானே முதலாளி" என்றாள் எஸ்தர்.

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பழைய படத்தை மேஜைக்கடியில் போட்டார். "அண்ணாச்சி, நாளைக்கு வந்து அடுத்த கதையை வாங்கிக்கோங்க" என்று சொல்லி, புதுப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு நடந்தார். செருப்பைப் போட மறந்துவிட்டார்.

பால்வண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதும், பசிக்கிறது என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எஸ்தர் சீவல் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். இப்போது வாங்கித் தின்றார்.

தின்று முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டீச்சர், ஒரு கையைத்தானே வரைஞ்சேன்? மீதி ஏழு கையும் எங்க போச்சு?"

எஸ்தர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"முதலாளி எதுக்கு அண்ணாச்சி காலைத் தூக்கி நாற்காலிமேல வச்சாரு?"