முட்டுக்கட்டை மாசிலான்

கேளுங்கள் மக்களே! ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் சுற்றிய காலத்தில் ஆலங்கோட்டை என்றொரு ஊர் இருந்தது. ஊர் சிறியது; அதன் தேரோ பெரியது. ஏழு பனை உயரம் என்று ஊரார் சொல்வார்கள். மூன்று பனை உயரம் நிச்சயம் இருக்கும்.

பங்குனித் திருவிழாவில் சிவனும் அம்பாளும் அந்தத் தேரில் எழுந்தருளுவார்கள். ஊரே வடம் பிடிக்கும். நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வர மூன்று நாள் ஆகும்.

தேருக்குக் கட்டை போடுகிறவன் மாசிலான். சக்கரத்தின் பக்கத்திலேயே நடப்பான். புளியங்கட்டையை அவன் சாய்த்து வைத்தால் தேர் திரும்பும். நேராக வைத்தால் நிற்கும். பதினெட்டு வருஷத்தில் ஒரு வீட்டுக் கூரையைக்கூடத் தேர் உரசியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு வருஷம் அந்நாட்டு ராஜா வீரகேசரி திருவிழாவுக்கு வந்தார். கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

“மூன்று நாளா? என் யானைகள் மத்தியானத்துக்குள் இழுத்துவிடும்” என்றார் ராஜா. வடத்தில் ஆறு யானைகளைப் பூட்டினார்கள்.

மாசிலான் கும்பிட்டான். “மகாராஜா, யானைக்கு இழுக்கத்தான் தெரியும். மெதுவாகப் போகட்டும்.”

ராஜா சிரித்தார்.

பாதி வீதியில் மறுபடி ஓடிவந்தான். “மகாராஜா, அச்சு சூடேறுகிறது. சற்று நிறுத்துங்கள்.”

ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் முறை குறுக்கே வந்து நின்றான். “இதற்குமேல் ஆற்றைப் பார்த்துச் சரிவு, மகாராஜா. கட்டை போடாமல் இறங்கினால் தேர் யார் பேச்சையும் கேட்காது.”

“நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடவே பிறந்தவனா நீ? விலகு!”

காவலர்கள் அவனைக் கூட்டத்துக்குள் தள்ளினார்கள்.

தேர் சரிவில் இறங்கியது. வடம் தொய்ந்தது. முதுகுக்குப் பின்னால் தேர் உருண்டு வருவதைக் கண்ட யானைகள் மிரண்டு, வடத்தை அறுத்துக்கொண்டு சந்துகளில் ஓடின. சரிவின் அடியில் மாவிளக்கு ஏந்திய பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஒதுங்க இடமில்லை.

‘பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்’ என்று மாசிலான் சும்மா நின்றிருக்கலாம். அப்படி நினைக்கக்கூட அவனுக்குப் பொழுதில்லை. கட்டைகளோடு பாய்ந்தான். முதல் கட்டை நொறுங்கியது. இரண்டாம் கட்டை தெறித்து ஓடியது. மூன்றாம் கட்டையைச் சக்கரத்தடியில் செருகி, காலால் உதைத்து இறுக்கினான். தேர் முனகியது, குலுங்கியது, நின்றது. தேருக்கும் மாவிளக்குச் சுடருக்கும் இடையில் ஒரே முழம்.

ராஜா நடந்து வந்தார். தம் தலையிலிருந்த பரிவட்டத்தை அவிழ்த்து மாசிலான் தலையில் கட்டினார். “இன்னும் என்ன வேண்டும், கேள்” என்றார்.

மாசிலான் நிமிர்ந்து நின்றான். “வடத்தைப் பிடியுங்கள், மகாராஜா. நான் கட்டை போட்டால் நீங்களும் நிற்க வேண்டும்.”

புது வடம் பூட்டினார்கள். ராஜா ஊராரோடு ஊராராக இழுத்தார். மாசிலான் கை தூக்கினால் நின்றார். கை காட்டினால் நடந்தார். ஒரு கூரையும் உரசாமல் தேர் நிலைக்கு வந்தபோது, ஆலங்கோட்டை போட்ட குலவை ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டது.

ஆகவே மக்களே, எவ்வளவு பெரிய பலமும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தால்தான் நல்லபடி போய்ச் சேரும்.