ஒன்றேகால் யானை

முன்னொரு காலத்தில் செங்கால் நாட்டை வல்லபன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் தோன்றியது மத்தியானத்துக்குள் சட்டமாகிவிடும். பட்டத்து யானை கார்முகில் என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் அது மிதித்த தேங்காய் தூளானதைப் பார்த்தவன், இனி எந்த அழுத்தத்தையும் யானைக் கணக்கில்தான் சொல்ல வேண்டும் என்று பறையறைவித்தான். கார்முகிலின் ஒரு கால் அழுத்துவது ஒரு யானை. செக்காட்டுகிறவர் அரை யானை என்றார், வைத்தியர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்து அரைக்கால் யானை என்றார். மந்திரி அம்பலவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார், பெரியேரி மதகுக்குப் புதுப் பலகை போடும் பேச்சு வரும்வரை.

மதகுத் தச்சர்கள் தண்ணீரின் ஆழத்தை முழத்தில் கேட்டுத்தான் பலகையின் கனத்தை முடிவு செய்வார்கள். ஏரி நிரம்பினால் மதகடியில் இருபது முழம். அது எத்தனை யானை? சபையில் யாருக்கும் தெரியவில்லை. மந்திரியின் முத்திரை மோதிரத்தின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சிங்கணன் மட்டும் எழுந்தான்.

"தண்ணீர் குழந்தையின் விரலுக்கே வழிவிடுகிறது அரசே. கால் யானைக்கு மேல் போகாது. மெல்லிய பலகை போதும்."

மெல்லிய பலகை உடையும், ஏரிக்குக் கீழே உள்ள ஊர்கள் போய்விடும் என்றார் அம்பலவன். ராஜாவின் புருவம் ஏறியது.

"அப்படியானால் தண்ணீர் என் யானையைத் தூக்குமா? தூக்கிக் காட்டும். இல்லாவிட்டால் மோதிரத்தைச் சிங்கணனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போம்."

கிணற்று நீர் இறைக்கும் தோல்சால் தைக்கிறவர்களைக் கொண்டு எருமைத்தோலில் தட்டையான பை ஒன்று தைக்கச் செய்தார் மந்திரி. கணு துளைத்த நீண்ட மூங்கிலை அரண்மனைச் சுவரோடு நிறுத்தி, அடிமுனையைப் பைக்குள் செருகிக் கட்டினார். பாகன் கார்முகிலின் முன்னங்கால் ஒன்றைப் பையின் மேல் வைக்கச் செய்தான். மேல்மாடத்தில் பணிப்பெண் பொன்னி மூங்கிலுக்குள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். தக்கை கட்டிய நூலை உள்ளே விட்டு, எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று குரல் கொடுத்தாள்.

"யானையைத் தூக்கச் சொம்புத் தண்ணீரா அமைச்சரே?" என்றான் சிங்கணன். "துளசி போட்டிருந்தால் தீர்த்தமாகவாவது கொடுத்திருக்கலாம்."

பத்து முழம். ஒன்றும் நடக்கவில்லை. பதினான்கில் தையல் முனகியது. மந்திரியின் கட்டைவிரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. யானையை வைத்து அவரும் இதைச் செய்து பார்த்ததில்லை. பதினாறைத் தாண்டியதும் யானையின் முழங்கால் மெல்ல மடிந்தது. பாதம் இரண்டு விரற்கடை உயர்ந்தது. கார்முகில் குனிந்து தன் காலையே பார்த்தது.

"ஒரு யானைக்குப் பதினாறு முழம்" என்றார் அம்பலவன். "இருபது முழத்துக்கு ஒன்றேகால் யானை."

ராஜாவின் முகம் சுருங்கியது. பட்டத்து யானையைச் சொம்புத் தண்ணீர் அவமானப்படுத்திவிட்டது என்று சிங்கணன் அவன் காதருகே போய்ச் சொன்னான்.

"யானையை வெல்லத் தண்ணீர் எதற்கு அரசே? இதோ, சிங்கணனே தினமும் வெல்கிறார்" என்று மந்திரி தரையைக் காட்டினார்.

சிந்திய நீரில் முற்றத்து மண் நனைந்திருந்தது. யானையின் தடம் தாம்பாளம்போல் அகலமாக, அரை விரல்கூட ஆழமில்லாமல் கிடந்தது. பக்கத்தில் சிங்கணனின் மரப் பாதக்குறடு, அடியிலிருந்த சிறு குமிழ்களால் போட்ட குழிகள். ராஜா குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தான். விரல் முழுதும் உள்ளே போயிற்று. சிங்கணன் பின்வாங்கப் பார்த்தான். குறடு சேற்றில் நின்றுவிட, கால் மட்டும் வந்தது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "எடை கொஞ்சம், ஊன்றும் இடம் அதைவிடக் கொஞ்சம். அதனால்தான் இந்தக் குத்து. என் காதுக்கும் பழக்கமானதுதான்." மதகு வேலை முடியும்வரை சிங்கணன் வெறுங்காலோடு களிமண் மிதிக்க வேண்டும் என்றான். மந்திரிக்குத் தன் பட்டு உத்தரீயத்தைப் போர்த்தி, வேறென்ன வேண்டும் என்று கேட்டான். கனமான பலகை வேண்டும் என்றார் அம்பலவன்.

அந்த ஐப்பசியில் பெரியேரி தளும்பியது. பலகை அசையவில்லை. கார்முகில் மேல் வந்த ராஜா, யானை வயிறு முட்டக் குடித்து முடித்ததும், மதகில் இப்போது எவ்வளவு அழுத்தம் என்று தச்சரைக் கேட்டான்.

"யானை குடித்தது போக, ஒன்றேகால் யானை மகாராஜா."